தொண்ணூறு ஆடும் ஒரு விளக்கும்

ஒரு விளக்கு அணையாமல் எரிய எத்தனை ஆடு வேண்டும்? திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவரில் கணக்கு இருக்கிறது: 90. சில ஊர்களில் 96. ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளந்துவிட வேண்டும். கிழடு தட்டியது கழியும், குட்டி போட்டுப் பெருகும். மந்தையின் தொகை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் கல்வெட்டில் அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆட்டுக்குச் சாவு உண்டு, மந்தைக்கு இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் விம்கோ நகர், அடுத்தது கத்திவாக்கம். எழுத்தில் சிலர் காத்திவாக்கம் என்று நீட்டுவார்கள். ஊர் வாயில் அது கத்திவாக்கம்தான். இங்கேயும் ஒரு விளக்கு எரிந்தது. 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம். 450 மெகாவாட். அதற்கு ஆடு வேண்டாம், நிலக்கரி வேண்டும். இரவும் பகலும் கொதிகலன் கனன்றது. சென்னையின் எத்தனையோ தெருக்களில் குழல்விளக்கு எரிந்தது. 2017 மார்ச் மாதக் கடைசியில் அதை மூடினார்கள். ஆயுள் 47 வருஷம். சந்திராதித்தர் உள்ளவரை என்று அதற்கு யாரும் எழுதிவைக்கவில்லை.

ரயிலில் இரண்டு நிலையத் தூரம், காலத்தில் ஆயிரம் வருஷம். இந்த இடைவெளியில் இந்தக் கடற்கரையை ஆண்டவர்கள் என்னென்ன கொடுத்தார்கள், என்னென்ன எடுத்தார்கள் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆண்டவர்கள்

மன்னர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தஞ்சாவூருக்கோ கங்கைகொண்டசோழபுரத்துக்கோ போவார்கள். புகைபோக்கிகளின் அடிவாரத்துக்கு யாரும் வருவதில்லை. ஆனால் தென்னாட்டு அரசுகள் எப்படி எழுந்தன, எப்படிக் கவிழ்ந்தன என்பதை ஒரே கட்டடத்தில் படிக்க வேண்டுமென்றால் திருவொற்றியூருக்கு நிகரான கோயில்கள் குறைவு. சோழர் காலத்தில் இந்தப் பகுதி ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புழல் கோட்டம். இன்று வீட்டுக் குழாயில் வரும் ஏரித் தண்ணீருக்கு உள்ள பெயர்தான் அன்று கோட்டத்துக்கும்.

கோயிலின் பழைய கல்வெட்டுகளில் பல்லவன் அபராஜிதனின் பெயர் வருகிறது. அவன்தான் பல்லவ வரிசையின் கடைசி முக்கிய அரசன். அவனுக்கு எமனாக வந்த குடும்பம் அப்போது மிகச் சிறியது. 850ஆம் ஆண்டு வாக்கில் விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்து ஒரு சிற்றரசைத் தொடங்கினான். அவன் மகன் ஆதித்தன், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சேர்த்துக்கொண்டான். கத்திவாக்கத்துக் கடல் அன்றைக்கும் அதே இரைச்சலோடுதான் இருந்திருக்கும். கல்வெட்டின் முதல் வரியில் மட்டும் அரசன் பெயர் மாறியது.

ஆதித்தனின் பேரன் ராஜாதித்தன், முதலாம் பராந்தகனின் மூத்த மகன். 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். தக்கோலம் நம் ராணிப்பேட்டை மாவட்டத்து ஊர்தான், அரக்கோணத்துக்குப் பக்கம். அன்றைக்குச் சோழ அரசு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. தொண்டை மண்டலம் கிருஷ்ணன் கைக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுகள் அவனைக் கன்னரதேவன் என்றும், கச்சியையும் தஞ்சையையும் கொண்டவன் என்றும் சொல்லும்.

இந்தப் போரிலிருந்து உயிரோடு மிஞ்சிய ஒருவனின் கதை திருவொற்றியூரில் கல்லாக இருக்கிறது. கேரளத்தில் பிறந்தவன், ராஜாதித்தனுக்கு நெருங்கிய தோழன், படை நடத்தியவன். தன் இளவரசனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்ற வெட்கம் அவனைத் தின்றது. கங்கையில் மூழ்கினான். திரும்பி வந்து திருவொற்றியூரில் நிரஞ்சனர் என்ற குருவிடம் துறவு வாங்கினான். சதுரானன பண்டிதன் ஆனான். வாளைப் போட்டுவிட்டு ஒரு மடத்தின் தலைவனானான்.

இந்தக் கதையில் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் ஒன்று உண்டு. அவனுடைய வரலாற்றைச் சொல்லும் அந்தச் சமஸ்கிருதக் கல்வெட்டு எந்த அரசனின் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது? கன்னரதேவனின் 20ஆம் ஆண்டில். தன் நண்பனை வீழ்த்தியவனின் பெயரைத் தலைப்பில் போட்டு, அதற்குக் கீழே நண்பனுக்கான துக்கத்தை எழுதிவைத்திருக்கிறான். அரசு யாருடையதாக இருந்தாலும் தேதி போடாமல் பத்திரம் எழுத முடியாதே! கோயிலுக்கு அவன் கொடுத்த பொன்னும் அந்தத் தேதியில்தான் பதிவாயிற்று.

அரசர்கள் மாறினார்கள், சதுரானன பண்டிதன் என்ற பட்டம் மட்டும் மடத்தில் அடுத்தடுத்த தலைவர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராஜராஜன் காலம் வரையில் கேட்கிறது. சோழர் போய், சம்புவராயர் வந்து, விஜயநகரத்துக் கம்பண உடையார் வந்த பிறகும் கல்வெட்டுகள் நிற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் அதிகாரிகளின் தலையைத் தின்றது படையெடுப்பு அல்ல. கோயில் பணிப்பெண்களுக்குள் எந்தச் சேவை யாருக்கு என்ற முறைத் தகராறு. சம்புவராயர் ஆட்சியில் தீர்த்துவைத்தது போதாமல் கம்பணர் ஆட்சியில் மறுபடியும் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. அரசு மாறினாலும் ஊர்ப் பஞ்சாயத்து மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கல்

தக்கோலத்தில் விழுந்த அரசை முதலாம் ராஜராஜன் நிமிர்த்தினான். அவன் மகன் ராஜேந்திரன் கங்கை வரைக்கும் படை அனுப்பினான். 1025இல் கடல் கடந்து கடாரத்தை அடித்தான். அந்த ராஜேந்திரன் காலத்தில்தான் திருவொற்றியூர்க் கருவறைக்கு இப்போதுள்ள கருங்கல் விமானம் வந்தது. யானை படுத்திருப்பதுபோல் பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். கட்டச் சொன்னவர் அன்றைய சதுரானன பண்டிதர். கட்டியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன். அரசன் பெயரோடு தச்சன் பெயரையும் கல்லில் போட்டார்கள். இன்று ஒரு மேம்பாலத்தின் திறப்புவிழாப் பலகையில் கொத்தனார் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அதே ராஜேந்திரன் காலத்தில் ஆரியம்மை என்ற பெண்மணி இந்த ஊருக்கு வந்தார். ஆரிய தேசத்து மேகலபுரத்தைச் சேர்ந்த பிரபாகர பட்டரின் மனைவி. இங்கே ராஜேந்திரசோழன் மடம் என்று ஒன்றை அமைத்து, நிலம் வாங்கிவிட்டு, அடியார்களுக்குச் சோறு போட ஏற்பாடு செய்தார். வடக்கேயிருந்து வந்த ஒருவர், தெற்கத்தி அரசன் பெயரில் சோற்றுக்கூடம் நடத்தியிருக்கிறார். இன்றும் இந்த வட்டாரத்துக்கு வடக்கேயிருந்து ஆள் வருகிறார்கள். கன்டெய்னர் யார்டுகளிலும் மின்நிலையக் கட்டுமானங்களிலும் பீகார், ஒடிசா, வங்காள இளைஞர்கள். மாலையில் ஓட்டல் வாசலில் பரோட்டாவுக்கு நிற்கும் வரிசையில் இந்தி கேட்கிறது. ஆரியம்மை கொடுக்க வந்தார். இவர்கள் உழைக்க வந்தவர்கள். இவர்கள் பெயரில் மடம் எதுவும் இல்லை. தகரக் கொட்டகை இருக்கிறது.

கருங்கல் இன்றும் இந்தக் கடற்கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் விமானத்துக்கு அல்ல, கடலில் கொட்ட. காரணம் தெற்கே இருக்கிறது. நம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும், நகரும் மணல் அங்கே தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மணல் பசியில் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பதில் கொஞ்சம் வடசென்னையின் மணல் என்று சொன்னால் தப்பில்லை. இங்கே குப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடு இழந்தன. கருங்கல்லைக் கொட்டிச் சுவர் வைத்தார்கள். பிறகு கடலுக்குள் கல் நீட்டிய தூண்டில் வளைவுகள் வந்தன. ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு அதற்கு வடக்கே நகரும். அடுத்த குப்பமும் தூண்டில் வளைவு கேட்கும்.

அந்தக் கற்களை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலை ஓடுகிறது. பெயரில்தான் விரைவு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் நடந்துபோகிறவர் முந்திவிடுவார். ராஜேந்திரனின் மரக்கலங்கள் கடாரத்துக்குப் போன கடல் இது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நாட்டின் 12ஆவது பெருந்துறைமுகம், 2014 முதல் காமராஜர் துறைமுகம். மின்நிலையங்களுக்கான நிலக்கரியை இறக்கத்தான் முதலில் கட்டினார்கள். பக்கத்தில் காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். துறைமுகங்களுக்கு இடையில், முகத்துவாரத்தில், ஃபைபர் போட்டுகள்.

நிலம்

கோயில் சுவர் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது உறவாக்கின தலைக்கோலியின் கதை. தலைக்கோலி என்பது ஆடல்பாடலில் தேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்த பட்டம். மூன்றாம் ராஜராஜனின் 19ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1235இல், ராஜராஜன் திருமண்டபத்தில் அரசன் உட்கார்ந்திருக்க, இவர் அகமார்க்கம் பாடினார். அரசன் மணலியில் 60 வேலி நிலத்தைக் கொடுத்தான். நிலத்துக்கு உறவாக்கினநல்லூர் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்த நேரத்தில் சோழ அரசு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சில வருஷம் முன்புதான் காடவன் கோப்பெருஞ்சிங்கன் இதே ராஜராஜனைப் பிடித்துச் சிறைவைத்திருந்தான். போசளர் வந்து மீட்டார்கள். 1279ஐ ஒட்டிச் சோழ வரிசையே முடிந்துபோயிற்று. கவிழப்போகும் அரசன் ஒரு பாட்டுக்கு ஒரு நல்லூரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இன்றைய மணலியில் அந்த நல்லூரைத் தேட வேண்டாம். 1969இல் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. சுற்றிலும் உரமும் ரசாயனமும் வந்தன. இரவில் தீச்சுடர் எரியும் உயரக் குழாய் எத்தனையோ கிலோமீட்டருக்குத் தெரியும். அதுவும் அணையாத ஒரு நந்தா விளக்குதான், யார் வேண்டுதலுக்கு என்பதுதான் கேள்வி.

ஆனால் இந்தச் சுவரை வெறும் புண்ணியக் கணக்காகப் படித்தால் ஏமாந்துபோவோம். மூன்றாம் ராஜராஜன் காலத்திலேயே, கோயிலில் நெல் குத்துவதற்காகப் பெண்களை அவர்களுடைய சந்ததியோடு சேர்த்துக் கொடுத்த ஒருவரின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. ஒரு பெண் பாடினாள், 60 வேலி கிடைத்தது. இன்னும் சில பெண்களை உரலோடு சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். கல்லில் கொடுத்தவரின் குரல் இருக்கிறது. கொடுக்கப்பட்டவரின் குரல் இல்லை. ஆண்டவர் தயவு என்று நாம் போற்றுவதெல்லாம், யாரோ ஒருவர் விளைத்த நெல்லும் மேய்த்த ஆடும்தான்.

கத்திவாக்கத்தையும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1708இல் நவாப் தாவூத் கான் ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஐந்து ஊர்களைத் தந்தார்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தாங்காடு, கத்திவாக்கம். தென்னாட்டின் மற்ற பகுதிகள் கம்பெனி கைக்குப் போக இன்னும் இரண்டு மூன்று தலைமுறை இருந்தது. கத்திவாக்கம் முன்கூட்டியே போய்விட்டது. ஊரைக் கேட்டா கொடுத்தார்கள்? ராஷ்டிரகூடர் தேதி போட்டபோதும் கேட்கவில்லை, நவாப் முத்திரை குத்தியபோதும் கேட்கவில்லை.

கம்பெனி வந்ததும் இங்கே உப்பு முக்கியமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்பவர் பட்டணத்திலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். அது வளர்ந்து பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் படகில் போயின. காயலோரக் காற்றுக்காக வெள்ளைக்காரத் துரைமார் இங்கே பங்களா கட்டிக்கொண்டார்கள். எண்ணூர் அன்று மேட்டுக்குடியின் ஓய்விடம்! இன்று அந்தக் கால்வாயைப் பார்க்கிறவருக்கு இது கட்டுக்கதைபோல் இருக்கும்.

விடுதலைக்குப் பிறகு ஆலைகள் வந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு. அதற்கு முன்பே தீப்பெட்டி செய்த விம்கோ. ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் அதன் பெயரையே சுமக்கின்றன. சங்கு ஊதினால் வேலைக்குப் போன தலைமுறை இங்கே வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, சங்கம் வைத்தது. அதை மறைத்துவிட்டு வெறும் புகையைப் பற்றிப் பேசினால் அது நியாயமாகாது. சோழர் காலத்து விளக்குக்கு நெய் அளந்த இடையரைப்போல, இந்த ஆலைகளில் ஷிப்டு பார்த்தவர்கள்தான் நாட்டின் சக்கரத்தைச் சுழற்றினார்கள்.

நகராட்சியாக இருந்த கத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மண்டலம் 1. மாநகரத்தின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கணக்கு

முகத்துவாரத்துக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை வீதிக் குப்பம் என்று கரையில் மீனவ ஊர்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் வித்தை இங்கே உண்டு. கண்ணால் அல்ல, விரல் நுனியால் பார்க்கும் தொழில். அந்தச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்துவிட்டது. சாம்பலையும் தண்ணீரையும் கலந்து கொண்டுபோகும் குழாய்கள் வழியில் ஒழுகின. அடியில் சிமெண்டுபோல் படிந்தது. ஆழம் குறைந்தது. இறாலைத் தேடிய விரலில் சாம்பல் ஒட்டியது.

2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரைக்கு வந்தது. வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய், இந்த முறை மணலிப் பக்கமிருந்து காயலுக்குள். வலை, போட்டு, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்தன. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்; பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் குழு, அறிக்கை, பசுமைத் தீர்ப்பாயம், நிவாரணப் பட்டியல், பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களின் மறியல்.

இந்த இடத்தில்தான் பழைய விளக்குகளில் ஒரு வகை ஞாபகம் வருகிறது. சோழர் காலத்தில் விளக்கு வைத்த எல்லாரும் பக்தியால் வைத்தவர்கள் அல்ல. வேட்டைக்குப் போனவரின் அம்பு குறி தவறி இன்னொருவர் மேல் பட்டு அவர் செத்துப்போவார். நாட்டார் கூடுவார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, ஆகவே உயிருக்கு உயிர் இல்லை. ஆனால் செத்தவன் பேரில் கோயிலுக்கு ஒரு விளக்கு வை என்று தீர்ப்பாகும். எய்தவன் ஆடு ஓட்டிவந்து கட்டுவான். அவன் பெயர், செத்தவன் பெயர், ஆட்டின் தொகை மூன்றும் கல்லில் ஏறும். இப்படிப்பட்ட கல்வெட்டுகள் தமிழ்நாட்டுக் கோயில்களில் எத்தனையோ உண்டு.

அந்தத் தீர்ப்பிலும் ஓட்டை இருந்தது. விளக்கு கோயிலுக்குப் போயிற்று. செத்தவன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஓர் ஆடும் போகவில்லை. அதை நாம் திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒன்று இருந்தது, இன்று இல்லை. கை தவறினாலும் கை யாருடையது என்று எழுதினார்கள். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் யார் என்று எழுதினார்கள். கடைசி வரியில், இதைக் காப்பது சிவனடியார்களான பன்மாகேசுவரர் பொறுப்பு என்று காவலுக்கும் ஆள் சொன்னார்கள். இன்று சாம்பல் எந்தக் குழாயிலிருந்து, எண்ணெய் எந்த வாய்க்காலிலிருந்து என்பதே வருஷக்கணக்கில் வழக்காக நடக்கிறது. தவறு நடந்தது என்பார்கள். செய்தது யார் என்று கேட்டால் வாக்கியம் செயப்பாட்டு வினையில் முடிந்துவிடும்.

போன மாசித் திருவிழாவில் திருவொற்றியூர் போயிருந்தேன். மகிழடி சேவை. சங்கிலி நாச்சியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த கதை. சத்தியத்தை மீறியதும் கண்பார்வை போயிற்று. இந்தக் கதையைப் பங்குனி உத்திரத்தில் இங்கே படிக்கச் சொல்லி சோழ மன்னன் இரண்டாம் ராஜாதிராஜனே உட்கார்ந்து கேட்டதாக அவனது 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சொன்ன சொல்லை மீறினால் தம்பிரான் தோழனான சுந்தரருக்கும் தண்டனை உண்டு என்பதை ஓர் அரசன், இந்த ஊரில், தன் காதால் கேட்டிருக்கிறான். கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற பாட்டி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து வடக்கே பார்த்தேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன, விமானங்களுக்கு எச்சரிக்கையாக. வானத்தில் போகிறவர்களுக்கு எச்சரிக்கை வைத்திருக்கிறோம். தண்ணீரில் இறங்கி விரலால் இறால் தேடுகிறவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? ஒரு விளக்குக்கு 90 ஆடு என்று கணக்குப் போடத் தெரிந்த ஊர் இது. ஒரு முகத்துவாரத்துக்கு எத்தனை, அதை யார் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, பெயரோடு எழுதட்டும். கருங்கல்லுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை.